தனசீலனின் சூடு

டெம்போவின் சாவியைத் திருப்புவதற்கு முன்னால் தனசீலன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுப்பார். மூடியைக் கட்டைவிரலால் நெம்பித் திறந்து, உள்ளே கிடக்கும் பனங்கற்கண்டுகளில் பெரிதும் இல்லாமல் சிறிதும் இல்லாமல் ஒன்றைப் பொறுக்குவார். அதன் முனைகளை இன்னொரு கட்டியோடு மெல்ல உரசி மழுக்குவார். இல்லாவிட்டால் நாக்கைக் கிழித்துவிடுமாம். பிறகு இடது கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு, கடிக்காமல், உறிஞ்சாமல், அது தானாகக் கரையட்டும் என்று விட்டுவிடுவார். புடைத்த கன்னத்தோடு வண்டி தொண்ணூறு அடி ரோட்டில் ஏறும். தாராவியிலிருந்து செம்பூர் போய்ச் சேர்வதற்குள் ஒரு கட்டி கரைந்துவிடும். சிக்னலில் மாட்டிக்கொண்டால் இரண்டு.

"எஞ்சினுக்குத் தண்ணி ஊத்துதோம்லா, அதே மாதிரிதான் இது," என்பார். "டிரைவர் சீட்டுக்குக் கீழ எஞ்சின் கொதிக்குது. அந்தச் சூடு எங்க ஏறும்? நமக்குத்தான் ஏறும்."

சாத்தான்குளம் பக்கத்திலிருந்து மீசை முளைக்கும் முன்பே தாராவிக்கு வந்தவர் தனசீலன். தோல்பை தைக்கும் பட்டறையில் பசை தடவி, டெம்போவில் கிளீனராக ஏறி, ஸ்டீயரிங் பிடித்து, கடைசியில் சொந்தமாகவே ஒரு வண்டி வாங்கிவிட்டார். தைத்த பைகளைச் செம்பூர்க் கடைகளுக்கும் பிவண்டி குடோன்களுக்கும் கொண்டுபோய்ப் போடுவது தொழில். ஐம்பதை நெருங்கும் வயது, தாட்டியான உடம்பு. சந்தேகம் என்ற ஒன்று அந்த உடம்பில் ஒட்டிப் பார்த்தவர் கிடையாது. டெம்போ ஸ்டாண்டில் அவருக்கு ‘கம்பவுண்டர்’ என்று பெயர். யாருக்குப் பல்வலி வந்தாலும், யார் பிள்ளைக்குச் சளி பிடித்தாலும், மருந்து அவர் வாயில் தயாராக இருக்கும். பாதி பலிக்கும். பலித்த பாதியைத்தான் ஸ்டாண்டும் ஞாபகம் வைத்திருந்தது, அவரும் ஞாபகம் வைத்திருந்தார்.

ஆகவே, போன மழைக்காலம் முடிந்த கையோடு அவருக்கே ஒரு உபத்திரவம் வந்தபோது, அதற்கும் பெயர் தயாராக இருந்தது. சூடு.

முதலில் வெறும் அரிப்புதான். பிறகு சிறுநீர் போகும்போது எரிச்சல். வண்டியில் உட்கார்ந்து எழும்பினால் ஜட்டி ஒட்டிக்கொண்டு வலித்தது. என்ன ஆச்சு என்று பார்த்துவிடலாம் என்று நினைத்தபோதுதான், தன் உடம்பைத் தான் பார்ப்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதே அவருக்கு உறைத்தது. வீடு ஒரே அறை. மேலே பலகை அடித்த மாளாவில் கல்லூரியில் படிக்கும் மகள் ஜெஸி. கீழே அவரும் மனைவி சேசம்மாளும். மூலையில் குளிக்கிற மோரிக்கு ஒரு திரை. விளக்கு திரைக்கு இந்தப் பக்கம். பொதுக் கழிப்பறையிலோ உள்ளே போய்க் கொக்கி போட்டதும், தூங்கிவிட்டாயா என்று கதவில் அடி விழும்: "அரே பாய், ஸோ கயா க்யா?"

கடைசியில் மாஹிம் பக்கம் ஒரு மரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி, பின்பக்கம் ஏறி, தார்ப்பாயை இறக்கிவிட்டு, பை அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே மொபைல் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்தார். முன்தோலுக்கு அடியில் சிவந்து கிடந்தது. தயிர் ஒட்டினாற்போல வெள்ளையாக ஒரு படலம். தோலின் ஓரம் பொடிப்பொடியாக வெடித்திருந்தது. பின்னால் தள்ளினால் உயிர் போயிற்று. அந்த நேரம் பார்த்து டிராஃபிக் ஹவல்தார் தார்ப்பாயில் தட்டி, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டார்.

"அந்தர் க்யா சல் ரஹா ஹை?"

"குச் நஹி, சாப். மால் செக் கர் ரஹா ஹூன்," என்று சரக்கைச் சரிபார்ப்பதாகச் சொன்னார் தனசீலன், டார்ச்சை வாயிலிருந்து எடுத்து.

மறுநாள் வேலுச்சாமியின் மெடிக்கல் கடைக்குப் போனார். கோவில்பட்டிப் பக்கத்து வியாபாரி வேலுச்சாமி. தெருவில் பாதிப் பேருக்கு அந்தக் கவுண்டர்தான் ஆஸ்பத்திரி. கூட்டம் குறையும்வரை இருமல் டானிக் விலையை விசாரித்துக்கொண்டு நின்ற தனசீலன், குரலை இறக்கினார்.

"நம்ம மச்சினன் ஒருத்தனுக்குத் தொடையிடுக்குல அரிப்பு."

வேலுச்சாமி அவரை ஒரு பார்வை பார்த்தார். "பாண்டுப்புல இருக்காரே, ஸ்டெர்லின், அவருக்கா?"

"ஆமா. அவன்தான்."

"சரிண்ணாச்சி. உங்க மச்சினனைக் காலையிலயும் ராத்திரியும் இதைத் தடவச் சொல்லுங்க. ரொம்பக் கூச்சப்படுவாரோ?"

"அவன் சின்னதுல இருந்தே அப்படித்தான்."

தடவியதும் மாயம்போல அரிப்பு அடங்கியது. கொஞ்ச நாளில் இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. மறுபடியும் ட்யூப், மறுபடியும் அடக்கம், மறுபடியும் தீ. தனசீலன் அசரவில்லை. சூடு கெட்டிப்பட்டுவிட்டது, அவ்வளவுதான். குளிர்ச்சியைக் கூட்ட வேண்டும். பனங்கற்கண்டு டப்பா பகலில் இரண்டு தடவை நிரம்பியது. சயான் சர்க்கிளில் கரும்புச்சாறு, ஐஸ் போடாமல், பெரிய கிளாஸ். மாட்டுங்கா மார்க்கெட் வாசலில் இளநீர். வீட்டுக்கு வந்தால் நன்னாரி சர்பத். தாகம் என்னவோ அடங்கவேயில்லை. ராத்திரியில் சிறுநீர் கழிக்க எழும்பி எழும்பித் தூக்கம் போயிற்று. பேண்ட் இடுப்பில் நிற்காமல் பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட வேண்டியிருந்தது. "பாத்தியா, சூடு உடம்பை உருக்குது," என்று பெல்ட்டைக் காட்டி விளக்கவும் செய்தார். இத்தனைக்கும் மேலே, குளிக்கிற வாளியில் காயத்துக்கு ஊற்றும் கிருமிநாசினியை இரண்டு மூடி ஊற்றி, வெடித்த இடத்தில் படும்படி கழுவுவார். அப்போது மட்டும் பல்லைக் கடித்துக்கொள்வார்.

சேசம்மாள் வீட்டிலேயே பைகளுக்கு ஜிப் ரன்னர் மாட்டிக்கொடுக்கும் வேலை செய்பவள். அதிகம் பேசமாட்டாள், கை ஓடிக்கொண்டே இருக்கும். அவளுக்கும் கொஞ்ச நாளாக அதே இடத்தில் அரிப்பும் எரிச்சலும். யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் தண்ணீர்க் குழாயடியில் டிரைவர் புருஷன்களைப் பற்றிப் பெண்கள் பேசுகிற பேச்சு அவள் காதிலும் விழுந்ததுதான். ஒருநாள் தன் பாயைச் சுருட்டிக்கொண்டு மாளாவில் ஜெஸிக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தாள். தனசீலன் காரணம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளோ என்று பயம். அது அவருக்குப் புதுசு.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஜெஸி பாட்டுப் பயிற்சிக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். கையிலிருந்த ரன்னர்களைச் சேசம்மாள் தட்டில் போட்டாள்.

"ஒண்ணு கேக்கேன். சத்தம் போடாம பதில் சொல்லுங்க."

"கேளு."

"பிவண்டியில சில நாள் தங்கிட்டு வாறியள்லா. எங்க தங்குதிய?"

"எங்க தங்குவேன்? வண்டியிலதான். மால் எறக்க நேரமாச்சுன்னா குடோன் வாசல்லயே படுத்துருவேன்."

"எனக்கு ஒடம்புக்கு முடியல. எங்கன்னு சொல்ல நாக்கு கூசுது. உங்களுக்கும் அதே எடத்துலதான். மோரியில நீங்க பல்லக் கடிக்கது எனக்குக் கேக்காமலா இருக்கு?"

தனசீலன் பெல்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "அது சூடு, சேசு."

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுபோல சூடா? நான் எந்த எஞ்சின் மேல உக்காந்திருக்கேன்?"

கம்பவுண்டர் பார்வையை வாசல் பக்கம் திருப்பினார். வாசல் கதவுக்குப் பின்னால் ஒரு பை, வாய் கட்டி, நிறைந்து நிற்பதை அப்போதுதான் பார்த்தார்.

"ஸ்டெர்லின்கிட்டச் சொல்லிட்டேன்," என்றாள் சேசம்மாள். "நானும் ஜெஸியும் பாண்டுப்புக்குப் போறதா இருக்கோம். போகாம இருக்கணும்னா ஒண்ணு செய்ங்க. ஜெஸி தலையில அடிச்சு, எங்கயும் போகல, யாரையும் தொடலன்னு சத்தியம் பண்ணுங்க. அவ வந்ததும் பண்ணுதேன்னு இப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

தெருவில் வேறு எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் ஒன்றுக்கு மூன்றாகச் சத்தியம் பண்ணியிருப்பான். தாராவியில் சத்தியம் மலிவு. அம்மா மேல், பிள்ளை மேல், சோற்றின் மேல் அடித்துச் சொல்லாமல் ஒரு பேரம்கூட முடியாது. ஆனால் தனசீலன் சத்தியம் செய்யாத மனுஷன். சின்ன வயதில் ஞாயிற்றுப் பள்ளியில் அவர் மண்டையில் ஏறியதில் இறங்காமல் நின்றது அது ஒன்றுதான்: சொன்னால் சொன்னது, அதற்கு மேல் யார் தலையையும் இழுக்கக் கூடாது. ஒருதடவை செய்யாத தப்புக்கு வண்டியை மறித்த ஹவல்தார், "மா கசம் போல், சோட் தூங்கா," அம்மா மேல் சத்தியம் பண்ணினால் விட்டுவிடுகிறேன் என்று சொல்லியும் மறுத்துவிட்டு, செலானை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தவர். ஸ்டாண்டில் அதை இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

"பண்ணமாட்டேன்," என்றார்.

சேசம்மாள் பையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"எங்கயும் போகல. யாரையும் தொடல. சொல்லிட்டேன். பிள்ள தலையில அடிச்சுச் சத்தியம் மட்டும் பண்ணமாட்டேன். நீ போறதா இருந்தாலும்."

சொல்லி முடித்த பிறகுதான் அந்தக் கடைசி வார்த்தையின் கனம் அவருக்கே தெரிந்தது. சேசம்மாள் அவர் முகத்தை, ஜவுளிக்கடையில் சாயம் போகுமா என்று துணியைப் பார்ப்பதுபோல, ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து மொபைலை எடுத்துக்கொண்டாள்.

"சரி. அப்ப திங்கக்கிழமை டாக்டர்ட்ட போங்க. மெடிக்கல் இல்ல. டாக்டர்," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

பை கதவுக்குப் பின்னால் அப்படியே நின்றது. டாக்டர் சொல்லப்போகிற வார்த்தையில்தான் இனிக் குடும்பம் நிற்கிறது என்று தனசீலன் முடிவு கட்டினார்.

ஸ்டாண்டில் அவருக்கு நெருக்கமானவன் ஜாபெஸ். அவனிடம், மச்சினனுக்கு என்று சொல்லி, நல்ல டாக்டர் யார் என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டதற்கு, சுனாபட்டியில் ஒரு கிளினிக்கைச் சொன்னான். டாக்டர் ஒரு பொம்பளை என்பதைச் சொல்ல மறந்துவிட்டான், அல்லது மறந்ததுபோல இருந்துவிட்டான். சங்கரேஸ்வரி டாக்டருக்கு விருதுநகர் வியாபாரக் குடும்பம். பிறந்தது வளர்ந்தது மாட்டுங்கா. மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"சொல்லுங்க அண்ணாச்சி."

தனசீலன் காலண்டரைப் பார்த்துக்கொண்டு, "எனக்கில்ல டாக்டர். மச்சினனுக்கு," என்று ஆரம்பித்து, அரிப்பு, எரிச்சல், வெள்ளைப் படலம், தோல் வெடிப்பு எல்லாவற்றையும் சொன்னார்.

"மச்சினன் வரலியா?"

"அவனுக்கு வேல."

"அப்படியா. அப்ப அவருக்குப் பதிலா நீங்க கழட்டிட்டுப் படுங்க," என்று கையுறையை எடுத்தார் டாக்டர்.

பார்த்து முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. நல்ல வெளிச்சத்தில், முகம் சுளிக்காத ஒருவர் பார்க்கும்போது அது வெறும் புண்ணாகத்தான் இருந்தது. டாக்டர் கை கழுவிக்கொண்டே கேட்டார்: தாகம் உண்டா, ராத்திரி எத்தனை தடவை எழும்புகிறீர்கள், உடம்பு இளைத்திருக்கிறதா? எல்லாவற்றுக்கும் ஆமாம். மனைவிக்கும் அரிப்பு உண்டா? ஆமாம்.

"வேற யார்கூடயாவது உறவு உண்டா? நான் போலீஸ் இல்ல. மருந்துக்காகக் கேக்கேன்."

"இல்ல டாக்டர்."

"சரி," என்று அதை அப்படியே எடுத்துக்கொண்டார் டாக்டர். தனசீலனுக்கு அந்தச் ‘சரி’ கொஞ்சம் சின்னதாகப் பட்டது. இன்னும் இரண்டு கேள்வி கேட்டு நம்பியிருக்கலாம்.

விரல் நுனியில் குத்தி ஒரு துளி ரத்தம் எடுத்தார்கள். மெஷின் முந்நூற்று நாற்பது காட்டியது.

"கடைசியா எப்ப சாப்ட்டீங்க?"

"சாப்ட்டு ரொம்ப நேரமாச்சு. இப்ப இது மட்டும்தான்." எவர்சில்வர் டப்பா மேஜைக்கு வந்தது. "சூட்டுக்கு." டாக்டர் டப்பாவைத் திறந்து பார்க்கவே, கரும்புச்சாறு, இளநீர், சர்பத் எல்லாவற்றையும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

சங்கரேஸ்வரி டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அண்ணாச்சி, நீங்க சூட்டைத் தணிக்கல. பூஞ்சைக்கு வேளா வேளைக்குச் சோறு போட்டுட்டு இருக்கீங்க."

பிறகு நிதானமாகச் சொன்னார். இந்தப் பூஞ்சை எல்லார் உடம்பிலும் கொஞ்சம் இருப்பது. எவளிடமும் போய் வாங்கி வர வேண்டியதில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறி, சிறுநீரில் வழிந்தால், முன்தோலுக்கு அடியில் ஈரமும் இனிப்பும் சேர்ந்து அதற்குக் கல்யாண வீடு. சர்க்கரை இருக்கிற பல ஆண்களுக்கு முதல் தகவல் இங்கிருந்துதான் வருகிறது. புருஷனிடமிருந்து மனைவிக்கும், அங்கிருந்து இங்கேயும் தாவலாம். அதனால் இரண்டு பேரையும் பார்த்தாக வேண்டும்.

"அப்ப இது அந்த மாதிரிச் சீக்கு இல்லயா?"

"பார்த்தா அப்படித் தெரியல. ஆனா கண்ணால பார்த்தே எல்லாத்தையும் சொல்லிர முடியாது. ஹெச்.ஐ.வி, மத்ததுக்கெல்லாம் ரத்தம் குடுத்துட்டுப் போங்க. உங்கமேல சந்தேகம் இல்ல, இந்த மாதிரிப் புண்ணோட வாற எல்லாருக்கும் எடுப்பேன். மெடிக்கல்ல என்ன ட்யூப் வாங்கினீங்க?"

தனசீலன் காட்டினார். டாக்டர் அதைக் குப்பைக்கூடையில் போட்டார். "இதுல ஸ்டீராய்டு இருக்கு. அரிப்பைத் தூங்கவைக்கும், பூஞ்சை முழிச்சுக்கிட்டே இருக்கும். மெடிக்கல்காரரைச் சொல்லிக் குத்தமில்ல, நீங்க அவர்ட்டயும் மச்சினன் கதைதானே சொல்லியிருப்பீங்க?"

கிருமிநாசினியும் சோப்பும் அந்தப் பக்கம் போகக் கூடாது. வெறும் தண்ணீர், பிறகு ஒற்றித் துடைத்துக் காயவிட வேண்டும். இறுக்கமான நைலான் வேண்டாம், பருத்தி. பூஞ்சைக்கான களிம்பை அரிப்பு நின்ற பிறகும் சொன்ன காலம் வரை தடவ வேண்டும். இரண்டு பேருக்கும் ஆறும்வரை சேரக் கூடாது. தள்ளின தோல் திரும்ப முன்னால் வராமல் வீங்கிக்கொண்டாலோ, சிறுநீர் அடைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கிளினிக் திறக்கக் காத்திருக்காமல் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே சர்க்கரைக்கு மாத்திரை. "அது கட்டுக்குள்ள வரலன்னா இது திரும்பத் திரும்ப வரும். அப்புறம் தோலையே எடுக்க வேண்டியிருக்கும்."

தனசீலன் எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "இதையெல்லாம் எங்க வீட்டுல நீங்களே சொல்லிருவீங்களா?"

"முதல்ல நீங்க சொல்லுங்க. அப்புறம் கூட்டிட்டு வாங்க."

அன்று சாயங்காலம் சேசம்மாளுக்கு முன்னால் அவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் சொல்லி அவளே கேட்டிராத வார்த்தையில் ஆரம்பித்தார்.

"நான் சொன்னது தப்பு. எஞ்சின் இல்ல."

"பொறவு?"

"சக்கரையாம். எனக்குச் சக்கரை வந்து, அதுல பூஞ்சை புடிச்சு, எங்கிட்டயிருந்து உனக்கு வந்திருக்கு. நான் கொண்டாந்ததுதான். ஆனா எங்கயும் போயிக் கொண்டாரல."

சேசம்மாள் ரன்னர் மாட்டிக்கொண்டே கேட்டாள். எல்லாம் முடிந்ததும் கையை நீட்டினாள். "அந்த டப்பாவத் தாங்க. ஜெஸிக்கு இருமல் வந்தா ஆகும்."

பையைப் பற்றி அவர் கேட்கவில்லை. காலையில் பார்த்தபோது அது கதவுக்குப் பின்னால் இல்லை.

இரண்டு பேரும் சேர்ந்து சுனாபட்டிக்குப் போனார்கள். சேசம்மாளுக்குச் சர்க்கரை இல்லை. அவளுக்குத் தனியாக மருந்து. தனசீலனின் மற்ற ரத்தப் பரிசோதனைகள் எல்லாம் சுத்தமாக வந்தன. புண் ஆறியது. பாய் மாளாவிலிருந்து இறங்கியது. சோற்றின் பாதி இடத்தைச் சோள ரொட்டியான பாக்ரி பிடித்துக்கொண்டது. அதைப் பிய்த்து மீன் குழம்பில் தோய்த்துத் தின்றபடி, ரப்பர் பாயைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்பார்.

ஜாபெஸ் விடவில்லை. ஒருநாள் ஸ்டாண்டில் அரை கிளாஸ் கட்டிங் சாயா குடித்துக்கொண்டிருக்கும்போது எல்லார் காதிலும் விழும்படி கேட்டான்: "கம்பவுண்டரே, உங்க மச்சினனுக்கு எப்படி இருக்கு?"

"மச்சினன் எவனுக்கும் ஒண்ணுமில்ல. எனக்குத்தான் இருந்துச்சு," என்றார் தனசீலன். சாயாவை ஒரு வாய் குடித்துவிட்டு, சந்தையில் மீன் விலை சொல்கிற குரலில், எங்கே வந்தது, எப்படி இருந்தது, எதனால் வந்தது, கற்கண்டு என்ன செய்தது என்று ஒன்று விடாமல் சொன்னார். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு ஒவ்வொருத்தனாக நின்றது.

எல்லாரும் கலைந்த பிறகு கணேசபாண்டியன் என்ற டிரைவர் மட்டும் அவர் வண்டிச் சக்கரத்தை மிதித்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணே, எனக்கும் ஒரு மச்சினன் இருக்கான்."

"தாகம் எடுக்குதாமா அவனுக்கு?"

"எடுக்குது."

"மெடிக்கலுக்குப் போகாத. சுனாபட்டிக்கு வா. நானே கூட்டிட்டுப் போறேன். அந்தம்மா கழட்டச் சொல்லும், வெக்கப்படாத. அதுக்கு நம்மள மாதிரி ஆயிரம் மச்சினன் தெரியும்."

தனசீலன் இப்போதும் கம்பவுண்டர்தான். மற்ற எல்லாவற்றுக்கும் முன்புபோலவே மருந்து சொல்கிறார். இடுப்புக்குக் கீழே என்றால் மட்டும் விலாசம் சொல்கிறார்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலத்தில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. அது தனசீலனுக்கே பல மாதம் கழித்து, பாண்டுப்பில் ஸ்டெர்லின் பிள்ளையின் ஞானஸ்நான விருந்தில்தான் தெரிந்தது. பிரியாணிப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஸ்டெர்லின் தானாகவே ஆரம்பித்தான்.

"அத்தான், அன்னைக்கு உங்களுக்கும் அக்காவுக்கும் என்ன சண்டைன்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியாது. உங்ககிட்ட ஒரு சத்தியம் கேக்கப்போறேன்னு மட்டும் சொல்லி, அவ கூட்டிட்டுப் போக வரச் சொன்னா. டிரெயின் புடிச்சு சயான்ல எறங்கி, ஆட்டோகூடப் பேசிட்டேன். அப்ப போன் பண்ணுதா, நீ வரவேண்டாம், அப்படியே திரும்பிப் போன்னு."

"எப்ப?"

"ஏழு மணி இருக்கும். ஏன்க்கா, அவரு சத்தியம் பண்ணிட்டாரான்னு கேட்டேன். இல்ல, மாட்டேன்னுட்டாரு, அதனாலதான் வரலன்னு சொல்லுதா. சத்தியமே பண்ணாத மனுஷன் அன்னைக்குப் பண்ணியிருந்தாதான் கெளம்பியிருப்பாளாம்."